நெய்ஸ்மித்துக்கு 'ஏ' எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடைப்பந்து பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். கட்டுரையில் குறை இல்லை, பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்ட வாழ்க்கைக் குறிப்புதான் இடிக்கிறது. 'அமெரிக்கரான டாக்டர் ஜேம்ஸ் ஏ. நெய்ஸ்மித் 1891-ல் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தார். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் வெற்றிகளைக் குவித்த பயிற்சியாளர்' என்கிறது அது. இதில் ஆண்டும் பல்கலைக்கழகமும் சரி. மற்றதெல்லாம் சரிபார்க்காமல் வந்தவை.

முதலில் அந்த 'ஏ'. மனிதருக்கு நடுப்பெயரே கிடையாது. நம் வழக்கப்படி அப்பாவின் இனிஷியல் என்று வைத்துக்கொள்ளவும் வழியில்லை, அப்பா பெயர் ஜான். கூடைப்பந்துக்கு அவர் எழுதிய 13 விதிகளின் மூலத்தாள் 2010-ல் நியூயார்க்கில் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனதே, அதில் அவர் கைப்பட இட்ட கையெழுத்திலும் 'ஏ' இல்லை.

பிறந்தது 1861-ல், கனடாவின் ஒன்டாரியோவில், ஆல்மான்ட் பக்கம். படித்தது மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பீச் பழக்கூடைகளை மாட்டி மாணவர்களை விளையாட விட்டபோது அவர் கனடாக்காரர்தான். அமெரிக்கக் குடியுரிமை 1925-ல்தான் வந்தது. விளையாட்டைக் கண்டுபிடித்த 1891-ல் அவர் டாக்டரும் இல்லை; டென்வரில் மருத்துவப் பட்டம் வாங்கியது 1898-ல்.

அப்புறம் அந்த 'வெற்றிகளைக் குவித்த'. கான்சாஸ் அணியை 1898 முதல் 1907 வரை கவனித்தவரின் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அந்த அணியின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருப்பவர், விளையாட்டைக் கண்டுபிடித்த இவர் ஒருவர்தான்! இதில் அவருக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. அவரை அங்கே வேலைக்கு எடுத்தது உடற்கல்விக்கும் கல்லூரித் தேவாலய வழிபாட்டுக்கும். பல்கலைக்கழகமும் இதை மறைக்கவில்லை, பருவவாரியாகப் பட்டியலே போட்டிருக்கிறது. வெற்றிகளைக் குவித்தவர் இவருடைய மாணவர் ஃபாக் ஆலன், கான்சாஸில் மட்டும் 590. கென்டக்கி பல்கலைக்கழக அணியின் அடால்ஃப் ரப்பும் வட கரோலினா பல்கலைக்கழக அணியின் டீன் ஸ்மித்தும் அந்த ஆலனிடம் விளையாடிப் பயிற்சியாளர் ஆனவர்கள். குறிப்பு எழுதியவர் குருவையும் சீடரையும் குழப்பிக்கொண்டாரோ என்னவோ.

எங்கோ கான்சாஸ் கதைக்கு இங்கே ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்து வந்தவர். நம் பி.டி. மாஸ்டர்கள் எத்தனையோ பேர் அந்தக் கல்லூரியில் தயாரானவர்கள்.

பிள்ளைகள் வினாடி வினாவுக்குக் கட்டுரையை வெட்டி வைப்பதில்லை, கட்டத்துக்குள் இருப்பதைத்தான் வெட்டி ஒட்டுகிறார்கள். ஆகவே திருத்தத்தையும் ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் போடாமல், அதே அளவு கட்டத்தில் அடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.