கடைக்கால் எடுக்கும் முன்பே கிடைக்க வேண்டிய சலுகை

பெறுநர்:
அரசுச் செயலாளர், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை
அரசுச் செயலாளர், எரிசக்தித் துறை
தமிழ்நாடு அரசு, சென்னை

மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கு,

வணக்கம். திருச்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கடைகள், மருத்துவமனைகள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் கட்டடக் கலைஞன் நான். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வணிகக் கட்டடங்களுக்கான நிதிச் சலுகைகள் வரைபடம் உருவாகும் நேரத்திலேயே தேடிக் கண்டுபிடிக்கக் கூடியவையாகவும், அந்த வரைபட வேலைக்கே போய்ச் சேருபவையாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இம்மடலை எழுதுகிறேன்.

2025 கோடையில் ஒரு ஜவுளிக்கடை உரிமையாளர் என்னிடம் வந்தார். மனை மேற்கு பார்த்தது, சாலையும் மேற்கே. முகப்பில் ஏறத்தாழ ஆயிரம் சதுர அடிக்குக் கண்ணாடி வேண்டும் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாலை நான்கு மணி வெயில் அந்த முகப்பில் நேராக விழும்போது, சாதாரண கண்ணாடி வழியாக உள்ளே வரும் வெப்பம் சுமார் 40 கிலோவாட். அதை வெளியேற்ற மட்டும் பதினோரு டன் ஏசி வேண்டும். அதே முகப்பில் கண்ணாடியைப் பாதிக்கும் கீழாகக் குறைத்து, மீதியை எடை குறைந்த காற்றுக் கட்டிகளால் (ஏஏசி பிளாக்) சுவராக எழுப்பி, வெயில் வெப்பத்தில் 27 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடாத கண்ணாடியைப் பொருத்தினால் மூன்று டன்னுக்குள் காரியம் முடிந்துவிடும். அவருக்குக் கணக்கு புரிந்தது. அந்தக் கண்ணாடியின் விலையைக் கேட்டுவிட்டு, "இதுக்கு கவர்மென்ட்ல ஏதாவது கெடைக்குமா சார்?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி மூன்று வாரம் அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே ஓர் அரசாணையின் நகலைக் காட்டி, "இது மிஷினுக்குத்தான் சார், சுவருக்கு இல்லை" என்றார்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை, தங்களுக்குத் தெரிந்ததை மரியாதையோடுதான் சொன்னார்கள். ஆனால் நான் அலைந்து முடிப்பதற்குள் திட்ட அனுமதிக்கான வரைபடம் போய்விட்டது, தூண்களுக்குக் குறியும் போட்டாகிவிட்டது. பிறகு செப்டம்பர் 22 அன்று ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அன்று மாலையே உரிமையாளர் போன் செய்து, "ஏசி வெல கொறைஞ்சிடுச்சு, கண்ணாடியே இருக்கட்டும் சார்" என்றார். இன்று அந்தக் கண்ணாடிக்குப் பின்னால், வெயில் படாமல் இருக்க, உள்பக்கம் திரை போட்டிருக்கிறார்கள்.

எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் வந்தது. வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பை மத்திய அரசு 2007-இல் வெளியிட்டு 2017-இல் திருத்தியது. நான் மேலே சொன்ன 27 சதவீதம் அந்தத் திருத்தப்பட்ட தொகுப்பில் உள்ள வரம்புதான். ஆனால் அது பொதுவாக 100 கிலோவாட் இணைப்புப் பளு (இணைக்கப்பட்ட மின்கருவிகளின் மொத்தத் திறன்) அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவை (மின்வாரியத்திடம் ஒப்பந்தம் செய்துகொள்ளும் உச்ச அளவு), அல்லது அதற்கு மேல் உள்ள கட்டடங்களுக்குத்தான் பொருந்தும். என் வாடிக்கையாளரின் கடை அதற்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. மாவட்டத் தலைநகரங்களில் எழும்பும் கடைகளிலும் கிளினிக்குகளிலும் பெரும்பாலானவை இப்படித்தான் வரம்புக்குக் கீழேயே நிற்பதை என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். அந்த வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தை 2022 திருத்தச் சட்டம் மாநிலங்களுக்குத் தந்திருக்கிறது. கட்டாயமாக்குவது உங்கள் முடிவு. கட்டாயமில்லாத இடத்தில் சலுகையாவது இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இருக்கிற சலுகைகள் எதற்குப் போகின்றன என்பதையும் பாருங்கள். இதுவரை நடைமுறையில் இருந்துவரும் வருமான வரி விதிகளின்படி, பட்டியலிடப்பட்ட எரிசக்திச் சேமிப்புக் கருவிகளுக்கும் சூரிய மின்தகடுகளுக்கும் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் (வரிக்குரிய வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் கழிக்கும் மதிப்பிழப்பு) கழித்துக்கொள்ளலாம். கட்டடத்துக்கோ 10 சதவீதம்தான். ஆகவே வெயிலை வெளியிலேயே நிறுத்தும் சன்ஷேடும், சூட்டைத் தாங்கும் கூரையும், தடித்த மேற்குச் சுவரும் கட்டடத்தோடு சேர்ந்து பத்து சதவீதத்தில் மெதுவாகக் கரைகின்றன. தவறாகக் கட்டிவிட்டு அந்தத் தவறைச் சமாளிக்க மொட்டைமாடியில் சூரியத்தகடு போட்டால் வரி சீக்கிரம் குறைகிறது. ஆடிட்டரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் விதியைப் பார்த்துத்தான் சொல்கிறார். இது மத்திய அரசின் விதி, உங்கள் கையில் இல்லை என்பதை அறிவேன். உங்கள் கையில் உள்ள சலுகைகளும் அதே பாதையில் போகக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

பிற மாநிலங்கள் பெரும்பாலும் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்புக்கு எவ்வளவு கட்டலாம் என்ற வரம்பை, கூட்டித் தருகின்றன. மேற்கு வங்கம் பசுமைக் கட்டடச் சான்று பெற்றவற்றுக்குப் பத்து சதவீதமும், நொய்டா பெரிய மனைகளில் உயர்ந்த தரமதிப்பீடு பெற்றவற்றுக்கு ஐந்து சதவீதமும் கூடுதலாகக் கட்ட அனுமதிக்கின்றன. அரசுக்குக் காசு செலவில்லாத சலுகை என்பதால் இதற்கு ஆதரவு அதிகம். எனக்கு இதில் அவ்வளவு உடன்பாடில்லை. சென்னையில் ஒரு சதுர அடிக்கு இருக்கும் மதிப்பு பெரம்பலூரில் இல்லை. அங்கே அனுமதித்த அளவையே முழுதாகக் கட்டாதவர்கள் உண்டு. தவிர, மின்சாரத்தைச் சேமித்ததற்குப் பரிசாக இன்னும் பெரிய கட்டடத்தைக் கொடுப்பது, இனிப்பைக் குறைத்தவருக்கு லட்டு கொடுப்பதைப் போன்றது.

சிங்கப்பூர் 2010-இல் செய்தது எனக்கு இதைவிடப் பொருத்தமாகத் தெரிகிறது. அங்குள்ள கட்டட, கட்டுமான ஆணையம், கட்டடம் கட்டி முடித்தவர்களுக்கான ஊக்கத்தொகையோடு நிற்காமல், வடிவமைப்புக் கட்டத்துக்கென்றே தனித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. உரிமையாளர், கட்டடக் கலைஞர், ஏசி பொறியாளர் மூவரும் தொடக்கத்திலேயே கூடிப் பேசும் பட்டறைக்கும், வெயிலையும் காற்றோட்டத்தையும் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஆய்வுக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை அது ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் 179டி வரிப்பிரிவு இன்னொரு வகை. வணிகக் கட்டடத்தின் எரிசக்திச் செலவைக் குறைத்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்று வரிக்கழிவு தரும் அந்தப் பிரிவில், வரி கட்டாத அரசுக் கட்டடங்களுக்கு உரிய கழிவை வடிவமைத்தவருக்கே மாற்றிக் கொடுக்க வழி இருந்தது. 2026 ஜூன் 30-க்குப் பிறகு பணி தொடங்கும் கட்டடங்களுக்கு அது கிடையாது என்று 2025-இல் சட்டம் திருத்தப்பட்டது வேறு கதை. ஆனால் முடியும் தேதி இன்னதென்று அங்குள்ள கட்டடக் கலைஞர் முன்கூட்டியே அறிந்திருக்கிறார். வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகம் 1995 முதல் அந்நாட்டின் எல்லா மாநிலங்களின் எரிசக்திச் சலுகைகளையும் ஒரே தரவுத்தளத்தில் தொகுத்து வைத்திருக்கிறது. அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொடுத்தால் அந்த ஊருக்கு என்னென்ன உண்டு என்று தெரிந்துவிடும். நான் மூன்று வாரம் தேடியது அங்கே மூன்று நிமிட வேலை.

எனவே முதலில் கேட்பது அப்படியொரு பட்டியலைத்தான். மாநில, மத்திய, உள்ளாட்சிச் சலுகைகள் அனைத்தும் அரசாணை எண், தகுதி, விண்ணப்பிக்கும் இடம், முடியும் தேதி ஆகியவற்றோடு தமிழில் ஒரே இடத்தில் இருக்கட்டும். எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை மாநிலத்தில் நடைமுறைப்படுத்தும் பொறுப்பு முகமை மின் ஆய்வுத் துறை. வரைபடம் வருவதோ சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும் நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமும். திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் அதே திரையில் இந்தப் பட்டியலும் தோன்றினால் இரு தரப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி பாதி குறையும்.

அடுத்தது பணம். ஓடிக்கொண்டிருக்கும் சிறு தொழிற்கூடங்கள் எரிசக்தித் தணிக்கை (மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகின்றன என்ற ஆய்வு) செய்தால் அந்தச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டம் நம் அரசிடம் ஏற்கெனவே உண்டு. தணிக்கைக்குப் பணம் தரலாம் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்ட அரசு, இன்னும் கட்டாத கட்டடத்தின் வரைபடத்தைத் தணிக்கை செய்வதற்கும் அதை நீட்டிக்கலாம். 100 கிலோவாட்டுக்குக் கீழ் உள்ள வணிகக் கட்டடங்களுக்கு, திட்ட அனுமதிக்கு முன் செய்யப்படும் வெப்பக் கணக்குக்கும் கணினி ஆய்வுக்கும் ஆகும் கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் போதும். (ஏசி வடிவமைப்புக்கான கட்டணம் பல இடங்களில் இயந்திர விலையின் சதவீதமாகவே பேசப்படுகிறது. டன்னைக் குறைக்கும் பொறியாளர் தன் வருமானத்தையும் குறைத்துக்கொள்கிறார். இந்தக் கட்டணம் அந்த இழப்பையும் ஓரளவு ஈடுசெய்யும்.)

தாளில் மட்டும் சேமிக்கும் கட்டடங்களும் வரும் என்ற ஐயம் உங்களுக்கு எழுவது நியாயம். அதற்காகத்தான் மீதிச் சலுகையைச் சொத்து வரிக் கழிவாக, கட்டடம் ஓராண்டு இயங்கியபின் தரலாம் என்கிறேன். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2009 முதல் கட்டடங்களுக்குத் தரும் நட்சத்திர மதிப்பீடு, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் உண்மையில் செலவானது என்ற கணக்கில்தான் நிற்கிறது. மின்கட்டண ரசீதே சாட்சி. வாடகைக்கு விடப்படும் கட்டடங்களில் இது இன்னும் முக்கியம். அங்கே கட்டுபவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுபவர் இன்னொருவர். சொத்து வரியோ கட்டடத்தை எழுப்பியவர் பெயரில் வருகிறது.

ஜவுளிக்கடையின் கணக்குத் தாள்களைப் பெயர் நீக்கி உங்கள் அலுவலர்களுக்குத் தரத் தயாராக இருக்கிறேன். இப்போது தஞ்சாவூர் சாலையில் ஒரு மருத்துவமனைக்கான வரைபடம் என் மேசையில் இருக்கிறது. அதுவும் மேற்கு பார்த்த மனை. தை மாதம் கடைக்கால் எடுக்கிறார்கள். வெப்பக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்த மருத்துவரும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு கட்டடக் கலைஞன்