அதற்குப் பெயர் அதிர்ஷ்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யங்கோனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையை இங்கே போனில்தான் படிக்கிறோம், அதுவும் கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து. 2024-ல் குகேஷ் சதுரங்கத்தில் உலக சாம்பியன் ஆனதைப் பற்றி நீங்கள் போட்ட கட்டுரையில், கடைசி ஆட்டத்தை அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரென் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார், பையனுக்கு அதிர்ஷ்டம் என்று ஒரு வரி வந்தது. கட்டுரை முழுக்க நல்லாத்தான் இருந்தது, அந்த ஒரு வரிதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

டிங் செய்தது பெரிய தப்பு, இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். குகேஷ் அந்த யானையை வெட்டி, தன் யானையையும் கொடுத்துவிட்டு, மந்திரியை டி5-ல் நிறுத்தினார். டிங்கின் மந்திரி ஏ8 மூலையில் கிடந்தது, ஒதுங்க இடமில்லை. அதுவும் போனால் மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும்தான், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். 58-வது நகர்த்தலோடு கதை முடிந்தது.

ஆனால் அதற்கு முன்னால் நாலு மணி நேரம் என்ன நடந்தது? பதிமூன்று ஆட்டம் முடிந்து புள்ளி ஆறரைக்கு ஆறரை, இது பதினாலாவது, கடைசி ஆட்டம். வெள்ளைக் காய் டிங்குக்கு. அவர் ஜெயிக்கப் பார்க்காமல், ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து காய்களைக் குறைத்து, டிரா ஆனால் போதும், புள்ளி சமமானால் மறுநாள் நடக்கிற வேக ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தார். அந்த நிலையில் குகேஷும் சரி என்று கை கொடுத்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கொடுக்கவில்லை. 'நீ டிராதானே கேட்கிறாய், ஒவ்வொரு நகர்த்தலிலும் அதை நிரூபித்துக் காட்டு' என்று உட்கார வைத்தார். டிங்கின் கடிகாரம் கரைந்துகொண்டே இருந்தது. இதைத்தான் முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் பல வருஷமாகச் செய்கிறார். 2021-ல் துபாயில் உலகப் பட்டத்துக்காகத் தன்னோடு மோதிய ரஷ்யாவின் நெப்போம்னியாச்சியை ஒரே ஆட்டத்தில் 136 நகர்த்தல் உட்கார வைத்து ஜெயித்தார், அதற்கப்புறம் அந்த மனிதர் அந்தப் போட்டியில் எழுந்திருக்கவே இல்லை. அதை அதிர்ஷ்டம் என்று யாராவது எழுதினார்களா?

எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு பர்மியப் பெரியவர் இருக்கிறார், ஊலே என்றுதான் கூப்பிடுவோம், சித்தப்பா மாதிரி. அவரோடு நான் ஆடுவது பர்மாக்காரர்களின் சித்துயின். நம் சதுரங்கத்துக்குப் பங்காளிதான், ஆனால் சிப்பாய்களுக்குப் பின்னால் மற்ற காய்களை அவரவர் இஷ்டம்போல் அடுக்கலாம், அதனால் ஆட்டம் தொடங்கும் முன்பே ஆளின் புத்தி தெரிந்துவிடும். (நம் வீட்டில் மூலையில் நிற்பது யானை, இங்கே மூலைக் காயின் வேலையைச் செய்வது ரதம், யானைக்கு வேறு நடை. சின்ன வயதில் இதில் குழம்பி எத்தனை ஆட்டம் தோற்றேனோ.) ஊலே பெரிய ஆட்டக்காரர் ஒன்றும் இல்லை. ஆனால் நிலைமை சமமாகிவிட்டது, கலைத்துவிட்டு வேறு ஆட்டம் போடலாம் என்று நான் நினைக்கும்போதுதான், மேஜையில் சும்மா கிடைக்கிற வெறுந்தேநீரை ஒரு கிண்ணம் ஊற்றி, என் பக்கமும் ஒன்றைத் தள்ளிவிட்டு, சாய்ந்து உட்கார்வார். அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாலே எனக்குக் கை தடுமாறும். பத்து நகர்த்தலுக்குள் எதையாவது கோட்டைவிடுவேன். நானே கொடுத்ததுதான், ஆனால் வாங்கியது அவர்.

இன்னொன்றும் இருக்கிறது. எதிராளி தப்புச் செய்தால் போதாது, அதைப் பார்க்கிற கண் வேண்டும். 2014-ல் சோச்சியில் கார்ல்சனுக்கும் ஆனந்துக்கும் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டம், கார்ல்சன் 26-வது நகர்த்தலில் ராஜாவை டி2-க்கு நகர்த்தினார், படு தப்பு. குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டியிருந்தால் ஆனந்த் பக்கம் ஆட்டம் திரும்பியிருக்கும். ஆனந்த் அதைப் பார்க்காமல் ஓரச் சிப்பாயைத் தள்ளினார், அந்த ஆட்டமே தோற்றார். அப்பேர்ப்பட்ட ஆனந்துக்கே அப்படி. கார்ல்சன் இப்படித் தப்புச் செய்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

குகேஷ் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் நேரம் மூன்றரைக்குத் தொடங்கிய ஆட்டத்தை கடையில் ஏழெட்டுப் பேர் ஒரே போனில் பார்த்துக்கொண்டிருந்தோம், சரியாக அந்த 55-வது நகர்த்தலில் படம் நின்றுபோய் சுற்ற ஆரம்பித்துவிட்டது, வயிற்றெரிச்சல். மறுபடி வந்தபோது பையன் அழுதுகொண்டிருந்தான், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு காய்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் அடுக்கினான். பதினெட்டு வயது! ஊலேவுக்குத் தமிழும் தெரியாது, குகேஷையும் தெரியாது, ஆனால் அடுக்கியதைப் பார்த்துத் தலையாட்டினார்.

முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காயோடு தோற்று, பதினொன்றில் முந்தி, பன்னிரண்டில் மறுபடி அடிவாங்கி, அப்புறமும் பதினாலாவதில் டிராவுக்கு ஒத்துக்கொள்ளாமல் உட்கார்ந்த பையன் அவன்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு போட்ட கட்டப் படத்தில் டிங்கின் மந்திரியை ஏ7-ல் வைத்திருக்கிறீர்கள். அது கறுப்புக் கட்டம், அங்கே நின்றால் டி5 நகர்த்தல் அதைத் தொடவே தொடாது, படிக்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஏ8 என்று திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
யங்கோன்