ஐரிஷ் பப்புன்னு போர்டு போட்டுட்டு டிஜே வெக்கறது நாயமாங்க? கோயமுத்தூர் கிளை பத்தின புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம்ங்க. போன ஞாயித்துக்கெழம சாயங்காலம் உங்க கோயமுத்தூர் கிளைக்கு குடும்பத்தோட வந்திருந்தோம், நானு, எங்கூட்டு அம்மணி, பொள்ளாச்சில இருந்து வந்த எங்கப்பா. வந்ததே உங்க விளம்பரத்தப் பாத்துத்தான். "ஞாயிறு மாலை ஐரிஷ் லைவ் மியூசிக், டப்ளின் சூழல்"னு போட்டிருந்தீங்க, ஸ்கிரீன்ஷாட் இதோட வெச்சிருக்கேன். டேபிள் புக் பண்றப்பவும் போன்ல கேட்டேன், அப்பாவுக்கு வயசாயிருச்சு, சத்தம் ஆகாது, லைவ் மியூசிக் தானுங்களேன்னு. ஆமாங்க சார்னு தெளிவா சொன்னாங்க.

உள்ள போனா டிஜே. சினிமாப் பாட்டு ரீமிக்ஸு, ஸ்பீக்கர் எங்க டேபிளுக்கு மேலயே. அப்பா காதுல மிஷின் வெச்சிருக்காரு, அஞ்சு நிமிஷம் பொறுத்துப் பாத்தாரு, அப்பறம் அதக் கழட்டி சட்டைப் பாக்கெட்டுல போட்டுட்டாரு. அப்பறம் எங்களுக்குள்ள பேச்சே இல்ல, அவரு சுவத்துல மாட்டிருந்த படத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. சத்தத்தக் கொறைங்கன்னு ரெண்டு தடவ சொன்னோம், சரிங்க சார்னு போனாங்க, ஒண்ணும் நடக்கல.

நான் சில வருஷம் அயர்லாந்து தலைநகரம் டப்ளின்ல வேலை பாத்தவன், அதனாலதான் இவ்வளவு வருத்தம். அங்க நான் போயிட்டிருந்த பப்புல பாட்டுக்காரங்க மேடை ஏற மாட்டாங்க, ஓரமா ஒரு டேபிளச் சுத்தி நம்மளாட்டவே உக்காந்துக்குவாங்க, ஒருத்தர் பிடில், ஒருத்தர் டின் விசில்னு ஒரு தகரக் குழல், இன்னொருத்தர் பௌரான்னு ஆட்டுத்தோல் கட்டுன ஒரு மேளம், சின்னக் கட்டையால தட்டுவாரு, மைக்கே கெடையாது, பக்கத்துல ஜனங்க பேசிட்டே இருப்பாங்க. குடிக்காதவங்களும் வருவாங்க, வயசானவங்க சூப்பு வாங்கி வெச்சிட்டு மணிக்கணக்கா பேசுவாங்க. பப்புங்கறதே பேசறதுக்கான எடம்ங்க. எங்கப்பா குடிக்க மாட்டாரு, ஆனா வள்ளி கும்மி கேட்டு வளந்த மனுஷன், அந்தத் தோல் மேளத்தப் பத்தி நான் போன்ல சொன்னப்பல்லாம் ஒரு நாள் கேக்கோணும் கண்ணுன்னு சொல்லிட்டே இருப்பாரு. அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். ஐரிஷ்காரங்களே வந்து வாசிக்கோணும்னு நான் கேக்கலைங்க, நம்மூர்ப் பசங்க ரெண்டு பேரு பிடிலும் புல்லாங்குழலும் வாசிச்சிருந்தாக்கூட சந்தோஷமா போயிருப்போம்.

சாப்பாட்டப் பத்தியும் சொல்லியே ஆகோணும். மெனுல ஐரிஷ் ஸ்டூ, வந்தது தக்காளி போட்டு சிவப்பா காரமா ஒரு மட்டன் குருமா, உருளைக்கெழங்கு மேல தனியா பொரிச்சு வெச்சிருந்துச்சு. ஐரிஷ் ஸ்டூவுக்கு மட்டன், உருளை, வெங்காயம், கேரட் போதும்ங்க, சிறுதீயில வெக்க வெக்க உருளை கொஞ்சம் கரைஞ்சு கொழம்பத் தானே கெட்டியாக்கும், மொளகாயும் தக்காளியும் அதுல சேராது. மேச்சேரி ஆட்டுக்கறி கெடைக்கற சீமைல, மேட்டுப்பாளையம் மண்டில ஊட்டிக் கெழங்கு மூட்டை மூட்டையா எறங்கற சீமைல இத ஒழுங்கா செய்ய முடியலைன்னா என்னங்க அர்த்தம்? சோடா பிரட்டுன்னு குடுத்தது சாதா பேக்கரி பன்னு. மாவு, ஆப்ப சோடா, மோர், உப்பு, இவ்வளவுதான் அதுக்கு, ஈஸ்ட் கூட வேண்டாம்.

ஸ்டவுட்டுங்கற கருப்பு பீர் கேட்டேன். டம்ளரச் சாய்ச்சுப் புடிச்சு முக்கால்வாசி ஊத்தி, நொரை அடங்கற வரைக்கும் அப்படியே வெச்சிட்டு, அப்பறம் மேல நெரப்பறதுதான் முறை, ரெண்டு நிமிஷம் புடிக்கும். உங்க மெனு அட்டையிலயே இத அழகா அச்சடிச்சு வெச்சிருக்கீங்க. வந்தது ஐஸ் கட்டி போட்ட மக்குல ஒரே ஊத்தா ஊத்துன கருப்புத் தண்ணி. கொண்டாந்த தம்பி மேல கோவம் இல்லைங்க, மரியாதையா பேசுன பையன், அவனுக்கு யாரும் சொல்லித் தரல, அது உங்க பொறுப்பு.

கடைசியா பில்லு. கேக்காமயே 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். எடுங்கன்னா, "சிஸ்டத்துல தானா வருதுங்க சார், எடுக்க முடியாது"ன்னாரு மேனேஜர். ஏனுங்க, 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பில்லுல தானா சர்வீஸ் சார்ஜ் சேக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு, ஓட்டல்காரங்க கேஸ் போட்டு, 2025 மார்ச்சுல டெல்லி ஹைகோர்ட்டும் அது செல்லும்னு தீர்ப்பு குடுத்திருச்சு. அப்பா பக்கத்துல நிக்கறாரேன்னு கட்டிட்டு வந்தேன். இஷ்டப்பட்டுக் கட்டல.

பில் காப்பியும் இதோட இருக்கு. சர்வீஸ் சார்ஜையும் ஸ்டூவுக்கு வாங்குன காசையும் திருப்பிக் குடுங்க. லைவ் மியூசிக் இல்லாத நாளுக்கு இருக்குன்னு விளம்பரம் போடறத நிறுத்துங்க, இல்லைன்னா நெஜமாவே வெய்யுங்க. சத்தம் வேண்டாங்கறவங்களுக்கு ஸ்பீக்கர் இல்லாத ஒரு மூலையாவது ஒதுக்குங்க. 15 நாளைக்குள்ள எழுத்துல பதில் வேணும், வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிட்டுப் புகார் பதிஞ்சிருவேன்.

இப்படிக்கு,
பீளமேட்டுல இருந்து ஒரு வாடிக்கையாளர்