லினக்ஸ் கர்னலில் வேலை செய்யும் தமிழ்ப் பொறியாளர்களுக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். இலாசுப்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில், மெஷினை அணைக்காமலே மெமரியைச் சேர்க்கவும் கழற்றவும் உதவும் மெமரி ஹாட்பிளக் நிரலை எளிமையாக்கும் வேலையில் உங்களில் இன்னும் சிலர் இறங்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிக்கு), அதை அணைக்காமலே 8 ஜிபி மெமரி கூடுதலாகக் கொடுத்தேன். கொடுத்தது ஒரு நிமிட வேலை. இரவு பதினோரு மணிக்குத் திரும்ப எடுக்கப் போனபோதுதான் சிக்கல். கர்னல் அந்த மெமரியை 128 எம்பி வீதம் 64 பிளாக்காகப் பிரித்து வைத்திருந்தது. பயன்பாட்டிலிருந்து எடுக்க, ஒவ்வொரு பிளாக்கின் நிலையைக் குறிக்கும் ஸ்டேட் ஃபைலிலும் ‘ஆஃப்லைன்’ என்று எழுத வேண்டும். முதல் சில போயின. அப்புறம் ஒன்று ‘பிஸி’ என்றது, அடுத்ததும் அதையே சொன்னது. ஒரே ஒரு பிளாக் மறுத்தாலும் அந்த 8 ஜிபி டிம் (மெமரி அட்டை) வெளியே வராது.

காரணம் பிறகு புரிந்தது. நம் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாய் விரித்த கடைகள் இரவில் மூட்டை கட்டிக் கிளம்பிவிடும், வீதி காலியாகும். நடுவில் ஒருவர் சிமென்ட் போட்டு மேடை கட்டிவிட்டால் வீதி காலியாகாது. புரோகிராம்களின் பக்கங்கள், அதாவது அவை பயன்படுத்தும் மெமரித் துண்டுகள், தார்ப்பாய்க் கடைகள்; வேறு இடத்துக்கு நகர்த்திவிடலாம். கர்னல் தன் சொந்தக் கணக்குகளுக்காக எடுக்கும் ஸ்லாப், பேஜ் டேபிள் என்ற மெமரிப் பகுதிகள் சிமென்ட் மேடை. புது மெமரியை ‘ஆன்லைன் மூவபிள்’ (நகர்த்தக்கூடியவற்றுக்கு மட்டும்) என்று சேர்த்திருந்தால் மேடை கட்ட இடமே இருந்திருக்காது. எங்கள் மெஷினில் தானாக ஆன்லைன் ஆகும் அமைப்பு வெறும் ‘ஆன்லைன்’ என்று இருந்தது.

இதைக் கண்டுபிடிக்க நான் நிரலைப் படிக்க வேண்டியிருந்தது. மெமரி சேர்ப்பது ஒரு கட்டம், ஆன்லைன் ஆக்குவது, அதாவது பயன்பாட்டுக்கு விடுவது, இன்னொரு கட்டம். ஒவ்வொன்றிலும் பாதியில் தோற்றால் அதுவரை செய்ததைப் பின்னோக்கி ஒவ்வொன்றாகக் கலைக்க வேண்டும். நடக்கும் பாதையைத் தினமும் ஆயிரம் பேர் ஓட்டிப் பார்க்கிறார்கள். கலைக்கும் பாதை எப்போதாவதுதான் ஓடுகிறது, அதனால் பிழைகள் அங்கேதான் பதுங்குகின்றன. வசதி கூடக் கூட இந்தப் பாதைகளும் கூடுகின்றன. 4 கேபி பக்கம் ஒவ்வொன்றுக்கும் 64 பைட் குறிப்பு வேண்டும், அதாவது 128 எம்பி பிளாக்குக்கு 2 எம்பி. அதைப் புது மெமரிக்குள்ளேயே வைக்கும் வசதி 2021இல் வந்தது. நல்ல வசதிதான். ஆனால் பிளாக்கின் தலையில் உள்ள அந்த 2 எம்பியை இப்போது ஆன்லைன், ஆஃப்லைன் இரண்டிலும் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

எளிமையாக்க முடியும் என்பதற்குச் சான்று கர்னலிலேயே இருக்கிறது. முன்பெல்லாம் மெமரி சேர்க்கும்போதே அதற்கு ஒரு ஸோன் (எந்த வகைப் பயன்பாட்டுக்கு என்ற பிரிவு) ஒதுக்கிவிடுவார்கள். அதனால் மூவபிள் ஆக்க வேண்டுமென்றால் கடைசி பிளாக்கிலிருந்து தலைகீழாக வர வேண்டும். 2017இல் மிகால் ஹோக்கோ என்ற கர்னல் பொறியாளர் அதை மாற்றினார். ஸோன் எது என்பது ஆன்லைன் ஆக்கும்போதுதான் முடிவாகும், அவ்வளவுதான். அந்த வரிசைக் கட்டுப்பாடு போயிற்று. ஆஃப்லைனுக்கு நிரலிலேயே எழுதியிருந்த 120 வினாடிக் கெடுவையும் அவரே எடுத்தார். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை இன்று மெஷினை நடத்துகிறவர் முடிவு செய்கிறார், வேண்டாமென்றால் சிக்னல் அனுப்பி நிறுத்துகிறார். 32 பிட் எக்ஸ்86 ப்ராசசர்களுக்கான ஹாட்பிளக், உடைந்தது என்று குறித்து ஓராண்டுக்கு மேல் கிடந்த பிறகு, கர்னலின் 5.16 பதிப்பில் முழுதாகப் போயிற்று.

இப்படிப்பட்ட பேட்ச்களுக்கு (நிரலில் செய்து அனுப்பும் மாற்றங்களுக்கு) கைதட்டல் கிடைப்பதில்லை. அலுவலகத்தில் ‘இந்தக் காலாண்டில் என்ன சேர்த்தாய்’ என்று கேட்பார்கள், என்ன எடுத்தாய் என்று கேட்க மாட்டார்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் நள்ளிரவில் அந்த நிரலைத் திறக்கிறவன் உங்கள் மேலாளர் இல்லை, என்னைப் போன்ற ஒருவன். அதனால் கேட்கிறேன்: புது வசதிக்குக் கைவைக்கும் முன், அது நுழையப்போகும் ஃபங்ஷனைத் துப்புரவாக்கும் பேட்சைத் தனியாக, முதலில் அனுப்புங்கள். நடத்தையை மாற்றும் வரியை அதில் கலக்காதீர்கள். ஏன் எடுக்கலாம் என்ற காரணத்தை, மாற்றத்தோடு பதிவாகும் கமிட் குறிப்பில் முழுசாக எழுதுங்கள்.

சனிக்கிழமைகளில் என் வீட்டு மாடியில் நாலு கல்லூரி மாணவர்களோடு இந்த மெமரி ஹாட்பிளக் நிரலைப் படித்து வருகிறேன். போன மாதம் ஒரு மாணவி கேட்டாள்: “அண்ணா, இந்தச் செக் எதுக்கு? கூப்பிடுற இடத்துலயே ஒருதரம் பார்த்தாச்சே?” என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரம் பழைய கமிட்களைத் துருவினாள். அந்தச் செக் எழுதப்பட்டபோது தேவைப்பட்டிருக்கிறது, பின்னால் வந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு தேவையில்லாமல் போயிருக்கிறது. ஒன்பது வரி நீக்கும் பேட்ச் ஒன்று எழுதிவிட்டாள். விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் க்யூஎமு என்ற மென்பொருளில் ஓர் இரவு முழுக்க மெமரியைச் சேர்த்துக் கழற்றிச் சோதித்தும் பார்த்துவிட்டாள். அனுப்பத்தான் தயங்குகிறாள்.

உங்களில் ஒருவர் ஒரு சனிக்கிழமை வாருங்கள். அனுப்புவதற்கு முன் அதை அவளோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துக் கொடுங்கள்.

அன்புடன்,
இலாசுப்பேட்டையிலிருந்து ஒரு சர்வர் பராமரிப்பாளன்