ஏரியைச் சுற்றி அக்கரைக் கம்பத்துக்கு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

வரும் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில், நம் பள்ளியின் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குப் பின்னாலுள்ள பெரிய ஏரியின் ஓரமாக நடத்தி, அக்கரையில் இருக்கும் மலாய்க் கம்பத்துக்கு, அதாவது மலாய்க்காரர்களின் கிராமத்துக்கு, அழைத்துச் சென்று, ஏரியின் மறுபுறமாகப் பள்ளிக்கே திரும்பி வர எண்ணியுள்ளோம். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மேடு பள்ளம் இல்லாத வழி என்பதால், கம்பத்தில் தங்கும் நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். பேருந்து தேவையில்லை, கட்டணமும் இல்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தாயார் எழுந்து, "லம்பத்துப் பக்கம் போகக்கூடாதென்று பிள்ளையை நாங்கள் அடித்துச் சொல்லி வைத்திருக்கிறோம், பள்ளிக்கூடமே கூட்டிக்கொண்டு போகலாமா, ஐயா?" என்று கேட்டார். லம்பம் என்பது ஈயச் சுரங்கம்; இந்த ஏரியும் ஒரு பழைய லம்பமே. அன்று நான் சொன்ன பதில் போதாது என்பதை வீட்டுக்குப் போகும் வழியிலேயே உணர்ந்தேன். முறையான பதிலை இப்போது எழுதுகிறேன்.

நான் நான்காம் ஆண்டு படித்த காலத்தில், என் பக்கத்தில் அமர்ந்து படித்த நண்பன் இதைப் போன்ற வேறொரு ஈயக்குட்டையில் மூழ்கி இறந்தான். மீன் பிடிக்கப் போனவன் கரை சரிந்து விழுந்தான். உடன் போன இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்களில் எவருக்கும் அந்தக் குட்டையைப் பற்றி ஒரு பெரியவரும் எதையும் விளக்கிச் சொன்னதில்லை. போகாதே என்று மட்டும் சொன்னார்கள்; நாங்கள் போனோம். இன்றும் பள்ளி விட்ட பிறகு, மாலையில் நம் மாணவர்கள் சிலர் மிதிவண்டியில் அந்தக் கரைக்குப் போய் வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தடுத்தும் போகிறவர்களைப் பெரியவர்கள் துணையோடு ஒருமுறை முறையாக அழைத்துப் போய், எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்று நேரில் காட்டிவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

இந்த ஏரி தானாக உண்டான ஏரி அன்று. மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் (வெள்ளீயம்) தோண்டியவர்கள் விட்டுச் சென்ற பள்ளம் இது. பத்து காஜாவுக்குத் தெற்கே தஞ்சோங் துவாலாங் சாலையில், 1938இல் கட்டப்பட்டு 1982 வரை வேலை செய்த 4,500 டன் எடையுள்ள, ஈயம் தோண்டும் மிதவை இயந்திரமான ஈயக் கப்பலைப் பலர் பார்த்திருப்பீர்கள். அத்தகைய கப்பல், தான் மிதக்கும் குளத்தைத் தானே முன்னோக்கித் தோண்டிக்கொண்டு போகும். சங்கிலியில் கோத்த வாளிகளால் அடிமண்ணை அள்ளி, ஈயமணலைப் பிரித்தெடுத்து, மிஞ்சிய மணலையும் சேற்றையும் பின்னால் கொட்டிவிடும். 1985இல் ஈய விலை சரிந்தபின் எஞ்சியிருந்த லம்பங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட, பள்ளங்களில் நீர் நின்றுவிட்டது. ஆற்றங்கரையைப் போல மெல்ல மெல்ல ஆழமாகாமல், இரண்டடி தள்ளினாலே தலை மூழ்கும் அளவுக்கு இக்கரைகள் செங்குத்தாக இறங்குவது இதனால்தான். வெள்ளை மணல்மேடு பார்க்க உறுதியாக இருந்தாலும் அடியில் நீர் அரித்திருக்கும். சேறு கொட்டிய இடத்தில் மேற்பரப்பு காய்ந்து வெடித்திருந்தாலும், உள்ளே காலை இழுக்கும் குழம்பு காயாமல் கிடக்கும். இவற்றை வகுப்பறையில் படம் வரைந்து சொல்வதைவிட, கரையிலிருந்து 5 மீட்டர் தள்ளி நின்று, நீண்ட மூங்கில் கழியைச் சேற்றில் இறக்கிக் காட்டினால் ஒரு பிள்ளையும் மறக்காது. ஒருவர் தண்ணீரில் விழுந்தால் மற்றவர் குதிக்கக்கூடாது. கழியை நீட்ட வேண்டும், கயிற்றையோ மிதக்கும் பொருளையோ எறிய வேண்டும், உரக்கக் கூவி ஆளை அழைக்க வேண்டும் என்பதையும் அங்கேயே செய்து பழகுவார்கள்.

ஆனால் அச்சத்தைக் கற்பிக்க மட்டும் இவர்களை நடத்திச் செல்லவில்லை. காலை ஏழேகால் மணிக்குப் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் தோட்டத்துச் செம்மண் சாலையில் செம்பனை நிழலிலேயே முதல் பாதி முடிந்துவிடும். செம்பனைகளுக்கிடையே நட்ட தூண்களின் உச்சியில் மரப்பெட்டிகள் இருக்கும்; எலிகள் பழக்குலைகளைக் கடித்துப் பாழாக்காமல் இருக்க, அவற்றைத் தின்னும் கூகைகள் குடியிருக்கத் தோட்டத்தார் வைத்தவை அவை. உணவுச் சங்கிலியைப் பாடமாகப் படித்தவர்கள் அதை நேரில் பார்க்கட்டும். ஏரி வளைவில் தாமரையும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த பகுதியில் செந்நாரையும் கொக்கும் மீன்கொத்தியும் தப்பாமல் தென்படும். அதைத் தாண்டினால், வெட்டாமல் விடப்பட்ட பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) சில நிற்கின்றன. அவ்விடத்தில் ஒரு தாத்தாவோ பாட்டியோ உளியைப் பிடித்துப் பட்டையைச் சீவிக் காட்ட வேண்டும் என்பது என் பேராசை. பால் வெட்டிய கைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளோ அந்த உளியைக்கூடப் பார்த்ததில்லை. நடக்க இயலாத முதியோரை அந்த இடத்துக்கு வண்டியில் கொண்டுவந்து சேர்ப்போம்.

அக்கரைக் கம்பத்தின் அழகைச் சொற்களால் நிறைவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏரியை நோக்கித் தூண்களின்மேல் எழும்பிய பழைய மர வீடுகள், படியடியில் கால் கழுவ வைத்த தண்ணீர்ச் சால், ரம்புத்தான் மரங்களுக்கு நடுவே தெரியும் சூராவின் (சிறு தொழுகைக்கூடத்தின்) கூரை என எல்லாமே காலை நீரில் தலைகீழாகத் தெரியும். என் தந்தையார் மாடு வளர்த்து அந்த வீடுகளுக்குப் பால் ஊற்றியவர். அவருடைய மிதிவண்டிப் பின்னிருக்கையில் அமர்ந்துதான் நான் மலாய் பேசக் கற்றேன். அங்குள்ள மூதாட்டி ஒருவர் இன்றும் என்னைப் பால்காரர் மகன் என்றே அழைக்கிறார். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகள் இடிக்கப்பட்டு, நாம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு மாறிய பிறகு, இரு கரைக்குமிடையே அந்தப் போக்குவரத்து நின்றுபோயிற்று. கம்பத் தலைவரிடம் பேசியபோது, பிள்ளைகளுக்குத் தாங்களே பசியாற ஏற்பாடு செய்வதாக அவர் மனமுவந்து கூறினார். நாசி லெமாக்கும் (தேங்காய்ப்பால் சோறு) பீசாங் கோரேங்கும் (பொரித்த வாழைப்பழம்) இருக்கும், மாட்டிறைச்சி இராது. சைவ உணவு மட்டும் உண்ணும் பிள்ளைகளின் பெயரை முன்கூட்டியே தெரிவித்தால் தனியே வைப்பார்கள். வீட்டுக்குள் நுழையுமுன் காலணியைக் கழற்றவும், பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லி நன்றி கூறவும் பிள்ளைகளுக்கு நீங்களும் நினைவூட்டுங்கள்.

திரும்பும் வழி மீன் குளங்களையும் வாத்துப் பண்ணைகளையும் ஒட்டிய தார்ச் சாலை. அதில் நிழல் குறைவு. ஆகவே தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் கட்டாயம். காலில் ஆறாத புண் உள்ள பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்; தேங்கிய நீரால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். ஆறு மாணவர்களுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் அழைத்துச் செல்வோம். முதலுதவிப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருவர் வருகிறார்கள். தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூலமான அனுமதி கிடைத்துவிட்டது. காலை ஆறு மணிக்கு மழை பெய்தால் நடை ஒரு வாரம் தள்ளிப்போகும்.

இசைவுப் படிவத்தை இம்மாத இறுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்கவும். மனம் ஒப்பாதவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அதற்கு முந்தைய சனிக்கிழமை, ஆசிரியர்களுடன் இதே வழியில் ஒருமுறை நடந்து பார்க்க இருக்கிறேன். அன்று கேள்வி கேட்ட அம்மாவும், அவரைப் போல ஐயம் உள்ள எவரும், என்னுடன் வந்து ஒவ்வோர் அடியையும் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். அன்று காலை ஏழு மணிக்குப் பள்ளி வாயிலில் உங்களுக்காகக் காத்திருப்பேன்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்