போலீஸ் வாக்குமூலத்தைச் செய்தியாக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒருவர் கைதான மறுநாளே 'பரபரப்பு வாக்குமூலம்' என்று உங்கள் பத்திரிகையில் செய்தி வந்துவிடுகிறது. எப்படித் திட்டம் போட்டார், யார் உடந்தை, எங்கே ஒளிந்தார் எல்லாம் கூடவே இருந்து பார்த்த மாதிரி. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் அவருக்கு எதிராகச் செல்லாது. இந்த விதி 1872-ம் வருடச் சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் 23-வது பிரிவாக இருக்கிறது. அடித்து வாங்கிவிடுவார்களே என்ற பயம்தான் காரணம். அவர் சொன்னதை வைத்து ஏதாவது பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்கள். நீதிபதியே கணக்கில் எடுக்கக் கூடாததை ஊரே காலையில் டீயோடு படித்துத் தீர்ப்பு சொல்லிவிடுகிறது.

தாராவியில் எங்கள் சந்துப் பையன் ஒருவனை செல்போன் திருட்டு என்று பிடித்துப்போனார்கள். பின்னால் போலீசார் நிற்க, இவன் தரையில் குத்தவைத்திருக்க, மேசையில் போன்களை வரிசையாக அடுக்கிய படம் 'குற்றத்தை ஒப்புக்கொண்டான்' என்ற வரியோடு ராத்திரிக்குள் எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டது. அவன் அம்மாவை வேலை பார்த்த வீட்டில் இனி வரவேண்டாம் என்றார்கள். அப்புறம் கோர்ட் அவனை விடுவித்தது, அதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை, எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

இதே மும்பையில் 2020-ல் இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தபோது டிவிக்காரர்களும் யூடியூபர்களும் ஆளாளுக்கு விசாரணை நடத்தினார்கள். அதையொட்டி வந்த வழக்கில் 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், போலீசிடம் சொன்னதைச் செல்லுபடியாகும் சாட்சியம் போலக் காட்டாதீர்கள், குற்றம் சாட்டப்பட்டவரின் படத்தைப் போடாதீர்கள் என்று தெளிவாகவே சொன்னது.

படம் போடுவதில் இன்னொரு கேடும் இருக்கிறது. பலரை வரிசையாக நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பில் சாட்சி சரியாகவே காட்டினாலும், பேப்பரில் முகத்தைப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் அந்த அணிவகுப்பின் மதிப்பே போய்விடும். நிஜமாகவே வழிப்பறி செய்தவன் தப்பிப்பான், பறிகொடுத்தவர் வயிறெரிந்து நிற்பார்.

குற்றச் செய்தியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டெல்லி மாடல் ஜெசிகா லால் கொலை வழக்கில் 2006-ல் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரும் விடுதலையானபோது பத்திரிகைகள் விடாமல் கேள்வி கேட்டன, அந்த வருடம் டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் முக்கியக் குற்றவாளிக்குத் தண்டனை கொடுத்தது. அப்படி எழுதுங்கள். கைதுச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில் விடுதலைச் செய்தியையும் போடுங்கள். அதற்கு உங்கள் நிருபர் வாரம் ஒரு தடவை கீழ்க் கோர்ட்டுகளுக்குப் போய் வந்தாலே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாராவி, மும்பை