வலி வந்தால் மறுபடியும் போகணும்

அன்புள்ள பாப்பா,

"இனிமே நெஞ்சு வலிச்சாலும் ஆஸ்பத்திரி எமர்ஜென்சி பக்கம் போக மாட்டேன்ப்பா, அவமானமா இருக்கு" என்று போனில் சொன்னாய். கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அன்று ராத்திரி உனக்கு நடந்ததைவிட இந்த வார்த்தைதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. போனில் ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி இருந்தது, மூச்சு முழுசாக உள்ளே போகவில்லை, இடது கை மரத்துப்போனது, செத்துவிடுவோம் என்று தோன்றியது. இப்படித்தான் சொன்னாய். அந்த நிலையில் தனியாக வண்டி பிடித்துப் போன உன்னிடம் வாசலில் இருந்த நர்ஸ், "இந்த வயசுல ஹார்ட் அட்டாக்கெல்லாம் வராதும்மா, போய் உட்காருங்க" என்றிருக்கிறார். டாக்டர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமலே "வேலையில டென்ஷனா?" என்று கேட்டிருக்கிறார். கை மரத்ததை நீ சொல்ல ஆரம்பித்ததும் "இன்டர்நெட்ல படிச்சுட்டு வந்துடறீங்க" என்று வாயை அடைத்துவிட்டார். ஒரே ஒரு ஈசிஜி, ஒரு மாத்திரை, பேனிக் அட்டாக் என்று ஒரு பெயர், வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லி ஒரு அறிவுரை. ரத்தம் எடுத்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றாய்.

அப்புறம் இதய டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்னபோது எனக்கும் அம்மாவுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. உனக்கு மட்டும் வெட்கம் வந்துவிட்டது. "அவங்க சொன்னது சரிதானேப்பா, நான்தான் ஓவரா பண்ணிட்டேன்" என்றாய்.

அங்கேதான் நீ தப்பாக நினைக்கிறாய். அவர்கள் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை, பாப்பா. பார்க்காமல் சொன்னார்கள், அது பலித்துவிட்டது. உனக்கு இதயத்தில் ஏதாவது இருந்திருந்தால் மட்டும்தான் அவர்கள் நடந்துகொண்டது தப்பு என்று நீ நினைக்கிறாய். ஒன்றுமே இல்லாவிட்டாலும் அது தப்புதான். நெஞ்சு வலி என்று வந்தவரை முழுசாகப் பேசவிட்டுக் கேட்பதும், பார்க்க வேண்டியதைப் பார்ப்பதும், பிறகு ஒன்றுமில்லை என்று விளக்கிச் சொல்வதும்தான் அந்த இடத்தின் வேலை.

அன்றிலிருந்து நிறையப் படித்தேன். தெரிந்த டாக்டர்களிடமும் கேட்டேன். மாரடைப்பு இருக்கும்போதே முதல் ஈசிஜி நார்மலாக வரலாம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுக்கிறார்கள். ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இதயத் தசை அடிபட்டால் அந்தப் புரதம் ரத்தத்தில் ஏறும், ஆனால் வலி வந்த உடனே ஏறிவிடாது. அதையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை பார்ப்பது வழக்கம். நுரையீரலில் ரத்தம் கட்டிக்கொண்டாலும் இதே மாதிரி நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வரும். அதிலும் ஈசிஜி, எக்ஸ்ரே இரண்டும் நன்றாக இருப்பதுபோலத் தெரியலாம். ஆக்சிஜன் 98 இருக்கிறது, கவலை வேண்டாம் என்றார்களாமே, அதை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. விரலில் மாட்டும் அந்தக் கருவி, கருத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுவது உண்டு என்று 2020-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

இன்னொரு ஆய்வைப் படித்தபோது உன் முகம்தான் கண்முன் வந்தது. அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து, 2000-ல் வெளியிட்டது. மாரடைப்பு இருந்தும் தவறுதலாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். ஆனால் இதயக் கோளாறு இருந்தும் இப்படி அனுப்பப்படும் ஆபத்து யாருக்கு அதிகம் என்று பார்த்தால்: 55 வயதுக்குக் கீழே உள்ள பெண்கள், வெள்ளையர் அல்லாதவர்கள், மூச்சுத் திணறலை முக்கியமாகச் சொன்னவர்கள், ஈசிஜி நார்மலாக வந்தவர்கள். நான்கிலும் நீ இருக்கிறாய். "இந்த வயசுல வராது" என்று அந்த நர்ஸ் சொன்னாரே, அப்படிச் சொல்லியே தவறவிடப்பட்டவர்கள் எத்தனை பேரோ.

சரி, அது பேனிக் அட்டாக்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதைத் திட்டுகிற மாதிரி ஏன் சொல்ல வேண்டும்? அதுவும் உடம்பில் நடக்கிற விஷயம்தான். இதயம் படபடவென்று அடிக்கும், மூச்சு வேகமாகும், கை மரக்கும், இதோ சாகப்போகிறோம் என்று நிஜமாகவே தோன்றும். பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்விட்டு இறங்கும். மறுபடி மறுபடி வந்தால் பேச்சு சிகிச்சை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, நன்றாகக் குணமாகும். ஆனால் மற்ற ஆபத்துகள் இல்லை என்று பார்த்த பிறகு சொல்ல வேண்டிய பெயர் அது. சொன்னபின், யாரிடம் போகலாம் என்றாவது காட்டியிருக்க வேண்டும்.

பெரிய ஆட்களுக்கே இது நடக்கிறது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2017-ல் ஆபரேஷன் செய்து குழந்தை பெற்ற மறுநாள் மூச்சு முட்டியது. ஏற்கனவே நுரையீரலில் ரத்தம் கட்டிய அனுபவம் இருந்ததால் அவருக்கே புரிந்துவிட்டது. சிடி ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுங்கள் என்று கேட்டார். வலி மருந்தால் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். முதலில் காலில்தான் ஸ்கேன் எடுத்தார்கள், அதில் ஒன்றுமில்லை. அவர் விடாமல் கேட்டு சிடி எடுத்த பிறகுதான் நுரையீரலில் ரத்தக் கட்டிகள் தெரிந்தன. உலகமே அறிந்த விளையாட்டு வீராங்கனை, தன் உடம்பைப் பற்றிச் சொன்னதை நம்ப வைக்க இவ்வளவு போராட வேண்டியிருந்தது. உன் குரல் எடுபடவில்லை என்பதற்காக உன்மேல் நீ குறை சொல்லிக்கொள்ளாதே.

இங்கிலாந்தில் 2021-ல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் ரத்தத்தில் கிருமி பரவி இறந்துபோனாள். நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், யாரும் காதில் வாங்கவில்லை. முன்னமே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. அவள் பெயரிலேயே 2024-லிருந்து அங்கே ஒரு விதி வந்திருக்கிறது. நோயாளியோ வீட்டாரோ கவலைப்பட்டால், வேறு ஒரு குழு வந்து பார்க்கச் சொல்லி நேரடியாகக் கேட்கலாம். அந்தப் பெற்றோரைப் பற்றிப் படித்துவிட்டு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவசரப் பிரிவில் இருப்பவர்கள் தூங்காமல் ஓடுகிறவர்கள் என்று எனக்கும் தெரியும். உனக்குப் பின்னால் வந்தவரை முன்னால் கூப்பிட்டதில் எனக்குக் குறை இல்லை. யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்குத்தான் முதல் இடம். காத்திரு என்று சொல்லலாம், வாயை மூடு என்று சொல்லக் கூடாது.

அடுத்த தடவை, வரக் கூடாது, வந்தால், எப்படிப் பேசுவது என்று சொல்கிறேன். "பயமா இருக்கு" என்று ஆரம்பிக்காதே. பயத்தைக் கேட்டதும் டென்ஷன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எங்கே வலி, எங்கே பரவியது, நடந்தால் கூடுகிறதா, இதை முதலில் சொல். காத்திருக்கும்போது அதிகமானால் எழுந்து போய், "வந்தப்போ இருந்ததைவிட மோசமா இருக்கு, மறுபடி பாருங்க" என்று கேள். ஒன்றுமில்லை என்றால், "வேற என்னவா இருக்கலாம்? எதை வச்சு அது இல்லைன்னு சொல்றீங்க?" என்று கேள். டெஸ்ட் வேண்டாம் என்றால் காரணத்தைக் குறிப்பில் எழுதச் சொல். கிளம்பும்போது, என்ன ஆனால் திரும்பி வர வேண்டும் என்று கேட்காமல் வராதே. பேச முடியாவிட்டால் எனக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வை. நான் கேட்கிறேன். எனக்குக் கூச்சமெல்லாம் கிடையாது.

அந்த ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். எழுதினால் கூட இருக்கிறேன், எழுதாவிட்டால் கேட்க மாட்டேன். ஆனால் அன்றைய ஈசிஜியையும் சீட்டையும் வாங்கிப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடு. பழைய ஈசிஜி கையில் இருந்தால் புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு உதவும்.

நெஞ்சு வலித்தால் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடு, அப்புறம் எனக்கு. நடுராத்திரி ஆனாலும் கூப்பிடு. போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று பத்துத் தடவை திரும்பி வந்தாலும், பதினோராவது தடவையும் நீ போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், அப்போது இதற்கு மட்டும் சரி என்று சொல்.

அப்பா